பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு யார் கோடு போடுறது?

போன ஆனி மாதம் எங்க ஊர் நடுநிலைப் பள்ளியில பெற்றோர் கூட்டம். நான் பெற்றோர் இல்லை, என் பேத்தி அங்கே ஆறாவது படிக்கிறாள், அந்த வகையில் போயிருந்தேன். தலைமை ஆசிரியை டீச்சர் என்னைத் தனியாக வரச்சொல்லி இருந்தார். பள்ளிக்குப் பின்னால் நாலு சென்ட் இடம் சும்மா கிடக்கு, சத்துணவுக்குக் காய்கறித் தோட்டம் போடலாம், நீங்கதான் வந்து பாத்தி பிரிச்சுக் கொடுக்கணும் என்றார். எனக்கு ரொம்பப் பெருமை. முந்தின ராத்திரியே ஒரு தாளில் படம் போட்டு வைத்துக்கொண்டேன். கிழக்கே கத்தரி, மேற்கே வெண்டை, ஓரத்தில் முருங்கை.

கூட்டத்தில் தலைமை ஆசிரியை விஷயத்தைச் சொல்லி முடிக்கவும், பின்வரிசையில் இருந்து ஒரு பொண்ணு எழுந்திருச்சுச்சு. நூறு நாள் வேலைக்குப் போகிற பொண்ணு. "டீச்சர், நான் மம்பட்டி தூக்குறது போதும். எம்புள்ளையும் மம்பட்டி தூக்கவா பள்ளிக்கூடம் அனுப்புறேன்?" என்று கேட்டுச்சு. சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டது. கூட்டம் கப்சிப்.

நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நகரத்தில் இருந்து இதைப் படிக்கிற நண்பர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் விசித்திரமாகத் தெரியலாம். உங்க ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளை ஒரு நாள் வயலுக்குக் கூட்டிப்போகக் காசு வாங்குகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஆனால் எங்க பக்கம் பள்ளிக்கூடத் தோட்டம் என்ற சொல்லுக்குப் பின்னால் எழுபது, எண்பது வருசக் கதை இருக்கிறது. அந்தப் பொண்ணு அதைப் படித்துவிட்டுக் கேட்கவில்லை. அதுக்கு வீட்டுக்குள்ளேயே அந்தக் கதை இருக்கு.

எங்க அப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர் 1953-ல் மூன்றாம் வகுப்பு. அந்த வருசம்தான் ராஜாஜி அரசாங்கம் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தது. பிள்ளைகளை இரண்டு கட்டாகப் பிரித்து, ஒரு கட்டு காலையில், இன்னொரு கட்டு மத்தியானம். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் இருந்து அப்பா செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரே கட்டடம், அதே வாத்தியார், இரண்டு மடங்கு பிள்ளைகள் என்று கணக்குப் போட்டார்கள். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் குலக் கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயர்தான் நின்றது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சராக வந்தார், அடுத்த மாதமே திட்டம் போய்விட்டது. ஆக மொத்தம் ஒரு வருசம்.

அந்த ஒரு வருசத்தைப் பற்றி அப்பா அதிகம் பேசமாட்டார். காலையில் பள்ளி, மத்தியானம் மாடு மேய்க்க. "எனக்கு அது சந்தோசமாத்தான்டா இருந்துச்சு" என்பார். கூடவே இதையும் சொல்வார்: அவர் வகுப்பில் சலவை செய்கிற வீட்டுப் பையன் ஒருத்தன் இருந்திருக்கிறான், வாய்ப்பாடு ஒப்பிப்பதில் அவன்தான் முதல். மத்தியானம் துறைக்குப் போனவன், கொஞ்ச நாளில் காலையிலும் துறைக்கே போய்விட்டான். திட்டம் ரத்தான பிறகு அப்பா முழுநாள் பள்ளிக்குத் திரும்பினார், அவன் திரும்பவில்லை. எங்களுக்கு நிலம் இருந்தது, மாடு மேய்த்தாலும் அது எங்க மாடு. அவனுக்கு அப்படி இல்லை.

இந்தத் திட்டத்தையும் காந்தியின் ஆதாரக் கல்வியையும் நிறையப் பேர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்க ஊர் காந்திகிராமத்துக்குக் கிட்ட. சௌந்திரம் அம்மாவும் ராமச்சந்திரன் அய்யாவும் 1947-ல் சின்னாளபட்டிப் பக்கம் அதைத் தொடங்கினார்கள். அதனால் ஆதாரப் பள்ளி, தக்ளி, நூற்பு என்கிற வார்த்தையெல்லாம் சின்ன வயசில் இருந்தே காதில் விழும். ஆதாரப் பயிற்சி முடித்த பழைய வாத்தியார் ஒருவர் எங்க தெருவில் இருந்தார், இப்போது இல்லை. அவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டதும், பிற்பாடு நூலகத்தில் தேடிப் படித்ததும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் ஒரு கல்வி மாநாடு நடந்தது. காந்திதான் தலைமை. ஏழு வருசம் இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில் பாடம், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து அதைச் சுற்றி மற்ற பாடம் என்று தீர்மானம் போட்டார்கள். பாடத்திட்டம் எழுத ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு. பிற்பாடு குடியரசுத் தலைவராக இருந்தாரே, அவரேதான். அந்தக் குழுவில் இரண்டு தமிழர்கள் இருந்தார்கள் என்பதை எங்க ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கடைசிக் காலத்தில் மதுரைக்குத் தெற்கே கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் இருந்து, 1960-ல் மறைந்தார். இன்னொருவர் இலங்கைத் தமிழர் ஆரியநாயகம். சாந்திநிகேதனில் தாகூரிடம் செயலராக இருந்தவர், 1930-ல் அவரோடு ரஷ்யா வரை போய் வந்தவர். பிறகு மனைவி ஆஷாதேவியோடு சேவாகிராமத்துக்கு வந்து, அங்கே ஆதாரக் கல்வியை இரண்டு பேருமாகத் தூக்கி நிறுத்தினார்கள்.

1953 திட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் எங்கே என்று கேட்டால், அந்த வாத்தியார் ஒரே வரியில் சொல்வார்: "அது வெளிய போயி செய்யுற வேலை, இது உள்ள வச்சுச் செய்யுற வேலைப்பா." ஆதாரப் பள்ளியில் ஐயர் வீட்டுப் பையனும் சலவைக்காரர் வீட்டுப் பையனும் ஒரே பாத்தியில் களை எடுக்க வேண்டும், கக்கூசும் முறை வைத்துக் கழுவ வேண்டும். எடுத்த களைக்கும் போட்ட எருவுக்கும் கணக்கு எழுதுவதுதான் கணக்குப் பாடம். ஒரு பாத்திக்கு எத்தனை கூடை குப்பை, அதில் எத்தனை கிலோ தக்காளி, கிலோ என்ன விலை. 53-ல் இது ஒன்றும் கிடையாது. பிள்ளை பள்ளிக்கு வெளியே போனால் அவனவன் அப்பன் வேலைதான், அதற்கு வாத்தியாரும் இல்லை, கணக்கும் இல்லை.

அதற்காக ஆதாரக் கல்வியில் ஓட்டையே இல்லை என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் செய்கிற பொருளை விற்று வாத்தியார் சம்பளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டலாம் என்று வார்தாத் தீர்மானத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அப்போதே அதை எதிர்த்தார்கள். பிள்ளை நூற்கிற நூலில் வாத்தியாருக்குச் சம்பளம் என்றால், வாத்தியாருக்குப் பிள்ளை மேல் கண் இருக்குமா, நூல் மேல் இருக்குமா? விவசாயி எனக்கு இது நன்றாகப் புரியும். கூலிக்கு ஆள் விட்டவன் வரப்பில் நின்று பார்க்கிற பார்வையே வேற.

வாத்தியார் சொன்னதில் எனக்கு மறக்காத இன்னொன்று, மாணவர் மந்திரிசபை. ஆதாரப் பள்ளிகளில் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுச் சுகாதார மந்திரி, விவசாய மந்திரி, உணவு மந்திரி என்று தேர்ந்தெடுப்பார்கள். விவசாய மந்திரி எழுந்து இந்த வாரம் இன்னது விதைக்கப் போறோம் என்பான். உணவு மந்திரி அதை மறுத்துப் பேசுவான். எங்க வாத்தியார் வேலை பார்த்த பள்ளியில் ஒரு விவசாய மந்திரி தோட்டம் முழுக்கப் பூசணி போடுவது என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டானாம். வாத்தியார் தடுக்கவில்லை. காய்ச்சுத் தள்ளியது. மூணு வாரம் பூசணிக் குழம்பு தின்ற பிறகு அடுத்த தேர்தலில் அவனுக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த மனுசன் கண்ணில் தண்ணி வரச் சிரிப்பார்.

இதெல்லாம் நம்ம நாட்டுக்கு மட்டும் தோன்றிய புத்தி இல்லை. ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் 1840-ல் குழந்தைப் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம் என்று அர்த்தம். பெயருக்கு ஏற்ற மாதிரி நிஜத் தோட்டமும் போடச் சொன்னார். அதில் பொதுப் பாத்தி தனி, ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தப் பாத்தி தனி. சொந்தப் பாத்தியில் பிள்ளை என்ன வேண்டுமானாலும் நடலாம், அதை வாடவும் விடலாம், பெரியவர்கள் கை வைக்கக் கூடாது. இன்று ஊருக்கு நாலு கிண்டர்கார்டன் இருக்கிறது, ஒரு செடி இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறு வந்தவர், யுத்தம் காரணமாக ஐரோப்பாவுக்குத் திரும்பப் போக முடியாமல் எங்க கொடைக்கானல் மலையில் இரண்டு வருசம் இருந்தார். இலை, பூச்சி, மண் என்று பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்க் கற்பிக்கிற முறை அங்கேதான் நன்றாக உருப்பெற்றது என்று அவர் வழியில் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

இனி என் கதை. 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார், 84-ல் அது பெரிய வகுப்புகளுக்கும் வந்தது. அப்போது நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். சாப்பாட்டோடு தோட்டமும் வந்தது. கொட்டகைக்குப் பின்னால் வேலி போட்டு, இருபது தென்னங்கன்று, இரண்டு பாத்தி கத்தரி. எங்கே எதை வைப்பது என்று ஒரு சார் முடிவு செய்தார். யார் தண்ணி ஊற்றுவது என்றும் அவரேதான் முடிவு செய்தார். மூன்றாவது பீரியட் மணி அடித்ததும் வகுப்பு வாசலில் நின்று, "நீ, நீ, நீ வாங்கடா" என்று கூப்பிடுவார். அந்த 'நீ' எப்போதும் காலனிப் பசங்கதான். என் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவன் அதில் ஒருத்தன்.

என்னை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அறுவடை சமயம் எங்க அப்பா சார் வீட்டுக்கு ஒரு மூட்டை கடலை கொண்டுபோய்ப் போடுவார். அதுதான் காரணம் என்று அப்போது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். வெயிலில் குடம் தூக்காமல் தப்பித்தோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். மூன்றாவது பீரியட் கணக்கு. அவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் போனான். நான் முப்பத்தெட்டு மார்க் வாங்கித் தேறினேன். அவனைவிட எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் நானே நம்பமாட்டேன்.

அந்தக் கத்தரி முதல் வருசமே செத்துப்போச்சு. கோடை விடுமுறையில் யார் தண்ணி விடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. தென்னையில் ஏழோ எட்டோ தப்பித்தது, இன்னும் நிற்கிறது.

கூட்டத்தில் எழுந்து கேட்ட பொண்ணு, அவனுடைய மருமகள்.

அன்றைக்கு ராத்திரி அவனுக்குப் போன் போட்டேன். திருப்பூரில் வாட்ச்மேன் வேலையில் இருக்கிறான். விசயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "தோட்டம் போடுங்கப்பா, யாரு வேணாங்கிறா. ஆனா இந்தத் தடவ யாரு குடம் தூக்குறதுன்னு நீயும் டீச்சரும் முடிவு பண்ணாதீங்க" என்றான்.

மறுநாள் தலைமை ஆசிரியையிடம் போய் என் படத்தைக் கொடுக்காமல், அந்த வாத்தியார் சொன்ன மந்திரிசபைக் கதையைச் சொன்னேன். அவருக்கு முதலில் தயக்கம். பிள்ளைகள் கையில் விட்டால் குழப்பம்தான் மிஞ்சும், மேலே இருந்து வந்து கேட்டால் யார் பதில் சொல்வது என்றார். நியாயம்தான். பிறகு ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, இடத்தைக் காட்டி, என்ன செய்யலாம் என்று கேட்போம், அது மட்டும் போதும் என்று ஒத்துக்கொண்டார்.

நான் முப்பது வருசமாக வெள்ளாமை செய்கிறேன். அந்த நாலு சென்ட்டைப் பற்றி அன்றைக்கு ஒன்றரை மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நான் கத்தரி போட நினைத்த கிழக்கு மூலையில் ஐப்பசி மழைக்கு ஒரு வாரம் தண்ணி நிற்கும், அங்கேதான் அவர்கள் கப்பல் விடுவார்கள். வடக்கு வேலியில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது வழியாக யார் வீட்டு ஆடு எத்தனை மணிக்கு வரும் என்றுகூட ஒரு பையன் சொன்னான். மேற்குப் பக்கம் பந்து விழும், அங்கே செடி வைத்தால் பந்து எடுக்கப் போய் மிதிபடும். பிறகு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "தண்ணி எடுக்கவே வேணாம், சாப்பிட்டுக் கை கழுவுற தண்ணி தெருவுக்குத்தானே போகுது" என்றது. குழாயடியில் இருந்து தோட்டத்துக்குத் தானாகவே வாட்டம் இருக்கிறது. இருபத்தஞ்சு அடி வாய்க்கால் வெட்டினால் போதும். குடம் தூக்குகிற பேச்சே பாதி அத்தோடு முடிந்தது. என் படத்தில் தண்ணிக்கு வழியே நான் யோசிக்கவில்லை. மோட்டார் போட்டுப் பழகின புத்தி.

என்ன பயிர் என்பதில்தான் பெரிய சண்டை. பசங்க தர்ப்பூசணி என்றார்கள். சமையல் செய்கிற அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டோம். கீரை என்றால் தனக்கு ஆய முடியாது, ஆய்ந்து கொடுத்தால் சமைக்கலாம் என்றது. வெண்டையை என் பேத்தியே வேண்டாம் என்றாள். வெள்ளிக்கிழமை விட்டுட்டுப் போனா திங்கக்கிழமை முத்திரும், தீபாவளி லீவுன்னா மொத்தமும் போச்சு என்றாள். எங்க தோட்டத்தில் பார்த்ததுதான். கடைசியில் நின்றது சிறுகீரை, கொத்தவரை, ஓரத்தில் முருங்கையும் பப்பாளியும். பந்து விழுகிற மேற்குப் பக்கத்தை விட்டுவிடுவது.

கீரைக்குக் கணக்கு போட்டது எட்டாம் வகுப்பு. பள்ளியில் எண்பத்தாறு பேர். ஆளுக்கு ஐம்பது கிராம் என்றால் ஒரு வேளைக்கு நாலே கால் கிலோ. பத்தடிக்கு நாலடிப் பாத்தியில் மூன்றரை, நாலு கிலோ வரும் என்று நான் சொன்னேன். சிறுகீரை இருபத்தஞ்சு நாளில் பறிப்புக்கு வரும். அப்போ வாரம் ஒரு நாள் கீரை வேண்டும் என்றால் ஒரே நாளில் எல்லாப் பாத்தியிலும் விதைக்கக் கூடாது, நாலு பாத்தி, வாரத்துக்கு ஒன்றாக விதைக்கணும், பாத்தியை நாலே முக்கால் அடி அகலம் வைக்கணும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். மாசி கடைசியோடு விதைப்பை நிறுத்திவிடுவது, கோடை விடுமுறைக்கு முருங்கையும் பப்பாளியும் மட்டும்தான் நிற்கணும் என்றும் எழுதினார்கள். எங்க காலத்துக் கத்தரி செத்த கதையை நான் சொல்லியிருந்தேன்.

வேலை முறையைச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சீட்டில் டீச்சர்கள் பெயரும் இருக்கணும் என்று ஒரு பையன் சொல்ல, எல்லாரும் கையைத் தட்டிவிட்டார்கள், தலைமை ஆசிரியையால் மறுக்க முடியவில்லை. வேலை நேரம் காலை மணி அடிப்பதற்கு முன்னால் இருபது நிமிசம். வகுப்பில் இருந்து யாரையும் எழுப்பக் கூடாது என்பதை நோட்டில் முதல் வரியாக எழுதச் சொன்னது நான். அது ஒன்றுதான் நான் வற்புறுத்தியது.

ஆடி பதினெட்டு கழித்து வாய்க்கால் வெட்டினோம். முதல் விதைப்பு பாதி முளைக்கவில்லை. விதையை ஆழமாகப் போட்டுவிட்டார்கள். மணலோடு கலந்து மேலாகத் தூவி, கையால் அணைத்துவிடுங்கள் என்று நான் முன்னாடியே சொல்லியிருக்கலாம், அவர்கள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. வாய் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று வெள்ளாமைக்காரனைக் கேளுங்கள். இரண்டாவது பாத்தி நன்றாக வந்தது.

அந்தப் பொண்ணு கார்த்திகையில் ஒரு நாள் வந்து வேலியோரம் நின்று பார்த்தது. பையன் அன்றைக்கு வேலை முறையில் இல்லை, வகுப்பில் இருந்தான். பாத்தியில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தது கணக்கு டீச்சர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நோட்டு எங்கே என்று கேட்டது. எடுத்துக் கொடுத்தேன். பெயர்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தது. அவன் பெயர் மாதத்தில் மூன்று தடவை, என் பேத்தி பெயரும் மூன்று தடவை. "சரிங்க மாமா, மாசாமாசம் வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போச்சு. தை மாதமும் வந்தது. மாசியில் வரும்போது ஒரு கை அகத்தி விதை கொண்டுவந்து கொடுத்தது. அதை எங்கே போடுவது என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வாங்கி வைத்திருக்கிறேன்.